தங்கபுஷ்பம் வாங்கி வைத்த பசி

ஆவாரங்குளத்தில் தங்கபுஷ்பம் தன் மகனுடைய பசியை வாங்கி வைத்துக்கொண்டது ஒரு வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால் மணிக்கு, கோயம்புத்தூர் பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போது. அன்று மின்னல் வெட்டவில்லை, கோயில் மணி தானாக அடிக்கவில்லை; தெருமுனைக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, எதிர்வீட்டுச் சேவல் வழக்கம்போல நேரம் தவறிக் கூவிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். படிப்பு முடிந்து மோட்டார் பம்ப் கம்பெனியில் முதல் வேலைக்குப் போகிற இருபத்திரண்டு வயசுப் பிள்ளை சந்திரபோஸ், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக வாசலில் நிற்க, அவன் வாய்க்கு நேராக ஓர் உருண்டை தயிர்சாதத்தை நீட்டிக்கொண்டு நின்றாள் தங்கபுஷ்பம்.

"கடைசி உருண்டைய்யா. இதுலதான் பலமெல்லாம் இருக்கு. ஆ காட்டு."

கடைசி உருண்டையில்தான் பலம் இருக்கிறது என்பது நம் பக்கத்துத் தாய்மார்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்தக் கடைசி உருண்டைக்குப் பிறகு இன்னொரு கடைசி உருண்டை உண்டு என்பதும், அதற்கும் பிறகு மெய்யாகவே கடைசியான ஒன்று உண்டு என்பதும், அதையும் தின்றுவிட்டால் சட்டியை வழித்து ஒன்று வரும் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிந்த சங்கதி. போஸ் அன்று ஏற்கெனவே நாலு கடைசி உருண்டைகளைத் தின்று முடித்திருந்தான்.

"பசிக்கலம்மா. பஸ்ஸு போயிரும்."

"இப்பப் பசிக்கல. அங்க போயிப் பசிச்சா யாரு இருக்கா பாக்க? அப்ப உன் பசிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போ, நான் பாத்துக்கிறேன்."

"சரி, வச்சுக்கோ," என்றான் போஸ், இன்னொரு ஷூவைத் தேடிக்கொண்டே.

அவள் அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவன் ஓடிப்போய் பஸ் ஏறினான். மதுரை தாண்டி, திண்டுக்கல் தாண்டி, ஒட்டன்சத்திரத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரும் இறங்கிப் பரோட்டா தின்றபோது அவனுக்கு மட்டும் பசிக்கவில்லை. அதே நேரத்தில் ஆவாரங்குளத்தில், காலையில் ஆறு இட்லி தின்றிருந்த தங்கபுஷ்பத்துக்கு வயிறு கபகபவென்று எரிந்தது. அது தன்னுடைய பசி இல்லை என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா? அது அவசரக்காரப் பசி, பருப்பும் உருளைக்கிழங்குப் பொரியலும் கேட்கிற பசி, சின்ன வயசிலிருந்தே காரம் ஆகாத பசி. உட்கார்ந்து சாப்பிட்டாள். தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற பஸ்ஸில் போஸ் ஏப்பம் விட்டான்.

அன்று சாயங்காலம் போன் பண்ணினான்.

"சாப்ட்டியாய்யா?"

"இல்லம்மா. ஆனா வயிறு நெறஞ்சிருக்கு. மத்தியானம் உருளைக்கிழங்கா?"

"ஆமாய்யா."

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றான் போஸ். அவ்வளவுதான் அந்த விஷயத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஊர் எதைத்தான் எடுத்துக்கொள்ளவில்லை? முதல் ஒரு வாரம் வாயைப் பிளந்தார்கள், இரண்டாவது வாரம் கேலி பண்ணினார்கள், மூன்றாவது வாரத்திலிருந்து அது குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தைப் போல எல்லோருக்கும் பாடமாகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் தங்கபுஷ்பத்துக்குப் பக்கத்தில் இன்னோர் இலை போட்டார்கள், அதற்குப் போஸ் இலை என்று பேர் வைத்தார்கள், பரிமாறுகிறவர்கள் அதில் குழம்பைக் கொஞ்சம் மட்டாக ஊற்றினார்கள். ஆடி வெள்ளிக்கு அவள் விரதம் இருந்தால் கோயம்புத்தூரில் பிள்ளை மயங்கி விழுவான் என்பதால், அம்மன் கோயில் பூசாரி யோசித்துப் பார்த்து, அவளுக்கு மட்டும் விரதத்தைத் தள்ளுபடி செய்தார். போஸ் ஐயப்பனுக்கு மாலை போட்ட வருஷம் மாலையை அவன் கழுத்தில் போடுவதா அவன் அம்மா கழுத்தில் போடுவதா என்று குருசாமி மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் மாலை மகனுக்கு, பத்தியம் தாய்க்கு என்று தீர்ப்புச் சொன்னார். நாற்பத்தொரு நாள் அந்த வீட்டில் மீன் வாசமே இல்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று கண்டுபிடித்த டாக்டர், மாத்திரைச் சீட்டை யார் பேரில் எழுதுவது என்று பேனாவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

கோயம்புத்தூரிலும் அதே கதைதான். கம்பெனியில் மத்தியானம் எல்லோரும் டப்பாவைத் திறக்கும்போது போஸ் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பான். சரியாக ஒன்றேகாலுக்கு ஓர் ஏப்பம் வரும். அதை வைத்தே கூட இருப்பவர்கள், "என்னப்பா, இன்னைக்கு உங்க ஊர்ல முருங்கைக்காய் சாம்பாரா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஆவாரங்குளத்து மற்றத் தாய்மார்கள் சும்மா இருப்பார்களா? பக்கத்து வீட்டு சரோஜா, மெட்ராஸில் படிக்கிற தன் மகளிடம் போனில், "ஏட்டி, உன் பசிய எனக்குக் குடு," என்று கெஞ்சிப் பார்த்தாள். "நீ மொதல்ல போன வை," என்றாள் மகள். இன்னும் ஏழெட்டுப் பேர் தயிர்சாதத்தை உருட்டிக்கொண்டு பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் பிள்ளைகள் யாரும் 'வச்சுக்கோ' என்று சொல்லவில்லை. அதனால் தங்கபுஷ்பத்தின் மேல் ஊருக்குப் பொறாமையும் மரியாதையும் சேர்ந்தே வந்தன.

அவளுக்கும் அந்த மரியாதை பிடித்திருந்தது. பொய் சொல்லக் கூடாது, பசியும் பிடித்திருந்தது. அது வயிற்றுக்குள் கிடக்கிறவரை பிள்ளை வீட்டுக்குள்தான் இருக்கிறான். போகப் போக அந்தப் பசிக்கு ஒரு பிடி இருப்பதையும் அவள் கண்டுகொண்டாள். போஸ் தீபாவளிக்கு லீவு இல்லை என்று சொன்னால், இரண்டு நாள் வெறும் கஞ்சி குடிப்பாள். மூன்றாம் நாள் கண்ணெல்லாம் உள்ளே போனவனாக வந்து இறங்குவான். கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தியோடு அவன் ஒரு தரம் ஐஸ்கிரீம் கடைக்குப் போனபோது, எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, ஆவாரங்குளத்தில் தங்கபுஷ்பம் உட்கார்ந்து நாலு உருண்டை கேப்பைக்களி தின்றாள். அந்த ஐஸ்கிரீம் உருகியது, அந்தப் பெண்ணும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனாள். இதை அதட்டல் என்று யாராவது சொல்ல முடியுமா? சாப்பிட்டதுதானே அவள் செய்த குற்றம்! சோறு தின்கிறவளை யார் என்ன கேட்பது?

கேட்டிருக்க வேண்டியவர் அவள் புருஷன் ராஜமணி. கவர்மெண்டு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்து, தொண்டையை அங்கேயே செலவழித்துவிட்டு வந்தவர். வீட்டில் அதிகம் பேச மாட்டார். தட்டில் விழுந்ததைத் தின்பார், பேப்பர் படிப்பார். ஒரே ஒரு நாள் மட்டும் பேப்பரைத் தாழ்த்திக் கேட்டார்.

"புஷ்பம், உனக்கு எப்பப் பசிக்கும்?"

"எனக்கென்ன, போசுக்குப் பசிச்சா எனக்குப் பசிக்கும்."

"அதில்ல. உனக்கு."

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. ராஜமணி பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார்.

இப்படியே பத்து வருஷம் போனது, போஸுக்கு முப்பத்திரண்டு முடிந்தது, திருமங்கலத்திலிருந்து ரேணுகாவைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். ரேணுகா கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் விசில், அசல் பசிக்காரி. கல்யாணப் பந்தியில் மணப்பெண் என்ற கூச்சமே இல்லாமல் அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். பக்கத்தில் போஸ், இலையில் கை வைக்காமல், அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த வரிசையில் தங்கபுஷ்பம் அவனுக்காக இரண்டாவது இலையில் சாம்பார் சாதத்தில் இருந்தாள். சொந்தக்காரர்கள் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்கள். ரேணுகா ஒரு பக்கம் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள், இன்னொரு பக்கம் திரும்பி மாமியாரைப் பார்த்தாள், பிறகு மோர் கேட்டாள்.

கோயம்புத்தூரில் குடித்தனம் ஆரம்பமானது. சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து நல்ல பசியோடு வந்து ரேணுகா சமைப்பாள். இரண்டு தட்டு வைப்பாள். போஸ் எதிரில் உட்கார்ந்து அவளைப் பார்ப்பான். அவன் வயிற்றில் அதற்குள் ஆவாரங்குளத்து இட்லி இறங்கியிருக்கும்.

"கொழம்பு எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நீங்க தொடவே இல்லையே!"

"பாக்க நல்லா இருக்கு," என்பான் போஸ். பாவம், அவன் மனசாரத்தான் சொன்னான்.

எதிரில் பசிக்காத மனுஷன் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்? ஆறு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு ரேணுகா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியாருக்குப் போன் போட்டாள்.

"அத்தை, ஒரு உதவி. இன்னைக்கு மத்தியானம் ஒரே ஒரு நேரம் நீங்க சாப்பிடாம இருக்கணும். விளமீன் வாங்கியிருக்கேன்."

"அதுக்கென்னம்மா, தாராளமா இருக்கேன்," என்றாள் தங்கபுஷ்பம்.

இருக்கத்தான் நினைத்தாள். பன்னிரண்டு மணிவரை மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் பசி புரண்டது. வழக்கமாக அவளைப் பார்த்துப் புரளும். அன்று அது கோயம்புத்தூர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது, அங்கே கொதிக்கிற குழம்பை அதற்குத் தெரிந்திருந்தது. தங்கபுஷ்பத்துக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. பத்து வருஷம் ஊட்டி வளர்த்த பசி ஒரு மீனுக்கு விலைபோவதா? எழுந்து போய், பானையில் கிடந்த பழையதை வெங்காயத்தோடு ஒரு சட்டி தின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. "அத்தை, சாப்ட்டீங்களா?"

"ஒரு வாய்தாம்மா. கிறுகிறுன்னு வந்துச்சு."

"சரிங்கத்தை," என்றாள் ரேணுகா. அடுத்த ஞாயிறும் 'ஒரு வாய்' ஆனது, அதற்கடுத்த ஞாயிறும் ஆனது. ரேணுகா ஒரு தரம்கூடச் சண்டை போடவில்லை, மூன்று தரமும் 'சரிங்கத்தை' என்றாள். சித்திரையில் பள்ளிக்கூடம் மூடியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு திருமங்கலத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து சேர்ந்ததும் போன் பண்ணினாள், அதுவும் மாமியாருக்குத்தான்.

"அத்தை, நான் கோவிச்சுக்கிட்டு வரல. உங்க மகன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. அவரு ஒரு நாள் பசியோட வந்து என் முன்னால உக்காரட்டும், நான் சோறு போடுறேன். சாப்ட்டு முடிச்சதும் கூடவே கிளம்பிருவேன். அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன்."

ஊர் கூடிவிட்டது. டீக்கடை சுடலைமுத்து, "சமைக்கிற வேலை மிச்சம்னு இருக்காம, இந்தப் பிள்ளைக்கு என்ன கேடு?" என்றார். பூசாரி, கொடுத்த தள்ளுபடியைத் திரும்ப வாங்க அம்மனிடம் வழியில்லை என்றார். சரோஜா மட்டும், "மதினி, ஒருத்தரு பசிய எத்தனை நாளைக்கு வச்சிருப்பீக?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போஸ் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எனக்கு இதுவே சௌகரியமாத்தாம்மா இருக்கு," என்றான். "ஒரு தொந்தரவும் இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவ சாப்புடுறதப் பாக்காம இருக்க முடியல," என்றான். முப்பத்துமூன்றாவது வயசில் அவனாக ஒன்று வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

தங்கபுஷ்பம் அடுப்படிக்குப் போய் அழுதாள். ராஜமணி பின்னாலேயே வந்து நின்றார்.

"குடுத்துருவேங்க. அவன் பசிய நான் என்ன செய்யப் போறேன்? ஆனா அதக் குடுத்துட்டா அவன் எதுக்கு எனக்குப் போன் பண்ணுவான்? எதுக்கு வீட்டுக்கு வருவான்? எங்கிட்ட என்னதான் இருக்கும் அப்புறம்?"

ராஜமணி தொண்டையைக் கனைத்தார். "அவன் பசி அவங்கிட்டப் போகட்டும் புஷ்பம். உன் பசி எங்க போச்சுன்னு நான் பதினோரு வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேன்." அவ்வளவு நீளமாக அவர் வீட்டுக்குள் பேசி அவள் கேட்டதில்லை. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "எப்படிக் குடுக்கிறது?" என்றாள்.

அதற்குக் கண்டக்டரிடம் விடை இருந்தது. "எங்க ஏத்துனியோ அங்கதான் எறக்கணும். கடைசி உருண்டையில வாங்குன. கடைசி உருண்டையிலயே குடு."

மறுநாள் காலை பத்து மணிக்குத் தயிர்சாதம் பிசைந்தாள். போஸ் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒன்றரை மணிக்குத் திருமங்கலம் பஸ். ஜன்னல் கம்பியில் தெரு முழுவதும் முகமாகத் தொங்கியது. அவள் உருட்டி, "இதுதான்யா கடைசி," என்று வாயில் போட்டாள். அவன் விழுங்கினான். ஒன்றும் நடக்கவில்லை. எப்படி நடக்கும்? சட்டியில் இன்னும் பாதி இருந்தது.

"இதுதான் கடைசி," என்று இன்னொன்று. "இது சத்தியமாக் கடைசி," என்று இன்னொன்று. எட்டாயிற்று, பன்னிரண்டாயிற்று. சட்டி தீரப்போகிற நேரத்தில் எழுந்து போய்க் குக்கரில் இருந்த சோற்றைக் கொட்டிக்கொண்டு வந்தாள். "மதினி, இது ஆட்டையில சேராது!" என்று ஜன்னலிலிருந்து சரோஜா கத்தினாள். தயிர் தீர்ந்தது, மோரை ஊற்றினாள். மோர் தீர்ந்தது, சுடுதண்ணீரும் உப்பும் போட்டாள். போஸ் ஒவ்வொரு உருண்டைக்கும் வாயைத் திறந்துகொண்டே இருந்தான். வாய் என்று ஒன்று இருந்தால் அதை மூடவும் செய்யலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. முப்பதாவது உருண்டையில்தான் தங்கபுஷ்பத்துக்கு அது உறைத்தது. இவனைப் பெற்ற நாளிலிருந்து இன்றுவரை, இதுதான் கடைசி என்று அவள் சொன்னதில் ஒன்றுகூட உண்மை இல்லை.

சட்டியை வழித்தாள். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் உருண்டை வந்தது. வீட்டில் வேறு சோறு இல்லை. கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"வாயில இல்ல புஷ்பம்," என்றார் ராஜமணி. "கையில குடு."

"கையில குடுத்தாச் சிந்துவாங்க."

"சிந்தட்டும். முப்பத்திமூணு வயசாச்சு."

அவள் அவன் வலது கையை இழுத்து விரித்து, உருண்டையை உள்ளங்கையில் வைத்தாள். "கடைசிய்யா," என்றாள். போஸ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவனாகவே எடுத்து, அவனாகவே வாயில் போட்டுக்கொண்டான். நாலைந்து பருக்கை மடியில் சிந்தத்தான் செய்தது.

தங்கபுஷ்பத்தின் வயிற்றிலிருந்து என்னவோ எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனது. ஆள் காலி பண்ணிவிட்டுப் போன வீடு மாதிரி உள்ளே வெறிச்சென்று ஆனது. எதிரில் போஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தான். முப்பது உருண்டை தின்றவனுக்கு எப்படிப் பசிக்கும் என்று கேட்கிறவர்கள், வயிறு நிறைவதும் பசி ஆறுவதும் ஒன்று என்று நினைக்கிறவர்கள்; அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

"அம்மா," என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. "பசிக்குதும்மா."

பிள்ளை வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டுப் பதினோரு வருஷம். தங்கபுஷ்பம் துள்ளி எழுந்து சட்டியைப் பார்த்தாள், வழித்த சட்டி. குக்கரைப் பார்த்தாள், காலி. அதற்குள் ஜன்னலில் இருந்த முகங்கள் எல்லாம் மறைந்து, ஆளுக்கொரு கிண்ணத்தோடு வாசலில் முளைத்தன. சரோஜா கையில் ரசம், அடுத்தவள் கையில் அவியல், சுடலைமுத்து கையில் நாலு வடை. ராஜமணி அலமாரியைத் திறந்து பழைய கண்டக்டர் விசிலை எடுத்து வாசலில் நின்று நீளமாக ஓர் ஊதல் ஊதினார்.

"யாரும் ஒரு கடலப்பருப்புகூடக் குடுக்கக் கூடாது. வழிய விடுங்க. வண்டி கெளம்பட்டும்!"

"பசியோடயாண்ணே பிள்ளைய அனுப்புவீக?" என்று சுடலைமுத்து அலறினார்.

எல்லோரும் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் மகன் வாயைத் துடைக்கப் போனவள், கையை இழுத்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். அந்த ஊரில் அதுவரை எந்தத் தாயும் சொல்லாத ஒன்றை அவள் சொன்னாள்.

"பசியோட போயிட்டு வாய்யா."

போஸ் போனான். அவன் நடந்த வழியெல்லாம் ஊர் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றது. சுடலைமுத்து ஓடிப்போய் வடைச்சட்டியை மூடி, மூடிமேல் தானே உட்கார்ந்துகொண்டார். மூடி சூடு என்பது அவருக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் ஒரு கிழவர் கடலைப் பொட்டலத்தைச் சட்டைக்குள் ஒளித்தார். போஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, வயிற்றை அமுக்கிக்கொண்டு, வழியில் வந்த ஒவ்வொரு ஓட்டல் பலகையையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனானாம்.

சாயங்காலம் நாலு மணிக்குப் போன் அடித்தது. ரேணுகா.

"அத்தை, வந்துட்டாரு. மூணு தடவை சோறு வாங்கிச் சாப்ட்டாரு."

"அப்படியாம்மா."

"கொழம்புல உப்பு கம்மின்னாரு அத்தை," என்றாள் ரேணுகா, சிரிப்பை அடக்க முடியாமல். தங்கபுஷ்பமும் சிரித்தாள், சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது, போனைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளுக்குப் பசி என்பதே இல்லை. ஒன்றேகால் மணி வரும், போகும். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, யாருக்காக என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். மாத்திரைக்காக நாலு வாய் தின்று எழுந்துவிடுவாள். கையும் காலும் வேலை இல்லாமல் கிடந்தன. நம்மை வைத்து இனி யாருக்கும் உபயோகமில்லை என்று நினைத்து நினைத்து மருகினாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அடிவயிற்றில் என்னவோ லேசாகக் கிள்ளியது. திடுக்கிட்டுப் போஸுக்குப் போன் போட்டாள்.

"எய்யா, உன் பசி திரும்பி வந்துருச்சா இங்க?"

"இல்லம்மா, எங்கிட்டத்தான் இருக்கு. இப்பத்தான் நாலு தோசை சாப்ட்டேன்."

அப்போது இது யாருடையது? மறுபடி கிள்ளியது. கவனித்துப் பார்த்தாள். இது பருப்பு கேட்கவில்லை, உருளைக்கிழங்கு கேட்கவில்லை, தயிர்சாதத்தை நினைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இது காரம் கேட்டது. போஸுக்கு ஆகாது என்று முப்பத்துமூன்று வருஷமாக அந்த வீட்டு அடுப்படிக்குள் விடாத காரத்தை, நாக்கு எரிகிற, கண்ணில் தண்ணீர் வருகிற காரத்தைக் கேட்டது. தங்கபுஷ்பம் மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ராஜமணி பேப்பரை வைத்துவிட்டு, எங்கே என்று கேட்காமல் கூடவே வந்தார்.

சுடலைமுத்து கடையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. "ரெண்டு மிளகாய் பஜ்ஜி," என்றாள்.

சுடலைமுத்து கரண்டியோடு நின்றுவிட்டார். "யக்கா, போசுக்கு மிளகா ஆகாதே."

"போசுக்கு இல்ல. எனக்கு."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, ஊதி ஊதி ஒரு கடி கடித்தாள். காது வரை ஏறியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது.

"எரியுதா?" என்றார் ராஜமணி.

"எரியுது. இன்னும் ரெண்டு சொல்லுங்க."

ராஜமணி விரலைத் தூக்கி இரண்டு என்று காட்டினார். அந்தச் சமயத்தில் அவள் மடியில் இருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். போஸ். சுடலைமுத்து கரண்டியை நிறுத்தினார், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் படிப்பை நிறுத்தினார்கள், பதினோரு வருஷத்தில் இரண்டாவது மணிக்கு மேல் அந்தப் போன் அடித்து யாரும் கேட்டதில்லை. அது மூன்றாவது தடவை அடித்தது, நாலாவது தடவை அடித்தது. தங்கபுஷ்பம் அதைத் திருப்பிப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தாள்.

வாயில் பஜ்ஜி இருந்தது. மென்று முடித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம்.